ஏர் பிஸ்டல்ல குறி பாக்கறது: சைட் பத்தி நம்ம பக்கத்து ஆளுங்க கேக்கற கேள்விகளும் என்னோட பதிலும்

கோயம்புத்தூர் கணபதியில லேத் பட்டறை வெச்சிருக்கறேனுங்க, ஞாயித்துக்கிழமையானா 10 மீட்டர் ஏர் பிஸ்டல் ரேஞ்சுதான். திருப்பூர், பல்லடம், பொள்ளாச்சின்னு எல்லாப் பக்கமிருந்தும் புதுசா பசங்க புள்ளைங்க வர்றாங்க, பெத்தவங்களும் கூட வர்றாங்க, எல்லாரும் கேக்கறது சுத்திச் சுத்தி ஒரே கேள்விகதான். வாயில சொன்னா காத்தோட போயிடுது, அதனால எழுதியே வெச்சர்றேன். இது முழுக்க ஸ்போர்ட்ஸ் ஷூட்டிங் பத்தினது.

சைட்ன்னா என்னங்க? எதை எங்க வெச்சு பாக்கோணும்?

பிஸ்டலோட பின்னாடி ஒரு தகடு நிக்கும், அதுல சதுரமா ஒரு வெட்டு இருக்கும், அது ரியர் சைட். முன்னாடி குழல் முனையில ஒரு சின்ன கட்டை நிக்கும், அது ஃப்ரண்ட் சைட். வெட்டுக்குள்ள கட்டை தெரியோணும், கட்டைக்கு ரெண்டு பக்கமும் தெரியற வெளிச்சம் ஒரே அளவா இருக்கோணும், கட்டையோட தலையும் தகட்டோட தலையும் ஒரே மட்டமா இருக்கோணும். கொத்தனார் ரசமட்டம் வெச்சு பாக்கறப்ப குமிழி ரெண்டு கோட்டுக்கும் நடுவுல நிக்கோணும் இல்லீங்களா, அதே வேலைதான், இங்க குமிழிக்கு பதிலா கட்டை.

இந்த ரெண்டையும் ஒழுங்கா வெக்கறது ஒரு வேலை, ஒழுங்கா வெச்சதை டார்கெட்டுக்கு நேரா கொண்டு போறது இன்னொரு வேலை. புதுசா வர்றவங்க ரெண்டையும் ஒண்ணுன்னு நெனச்சுக்கறாங்க, பாதி தப்பு அங்கயே ஆரம்பிக்குது. முதல்ல சொன்னதுதான் பெருசு, ரெண்டாவது அதுக்கு அப்பறம்தான்.

சுடறது டார்கெட்டைத்தானே, அப்பறம் எதுக்கு ஃப்ரண்ட் சைட்டையே பாருன்னு சொல்றீங்க?

இந்தக் கேள்விக்கு நான் நெம்ப நேரம் எடுத்துக்குவேன், ஏன்னா இது புரிஞ்சா மத்ததெல்லாம் தானா வரும்.

நம்ம கண்ணு ஒரு நேரத்துல ஒரு தூரத்தைத்தான் தெளிவா பாக்கும். ரியர் சைட் ஒரு தூரம், ஃப்ரண்ட் சைட் ஒரு தூரம், டார்கெட் 10 மீட்டர். மூணையும் ஒண்ணா தெளிவா பாக்கறேன்னு யாராச்சும் சொன்னா, உண்மையில அவங்க கண்ணு மாறி மாறி ஓடிட்டு இருக்குதுன்னு அர்த்தம். அப்ப எதை தெளிவா வெக்கோணும்? பட்டறைக்காரன் கணக்குலயே சொல்றேன், பாருங்கோ.

ஏர் பிஸ்டல்ல ரெண்டு சைட்டுக்கும் நடுவுல 360 எம்எம் இருக்குதுன்னு வெச்சுக்குவோம். கட்டை வெட்டுக்குள்ள வெறும் அரை எம்எம் வலது பக்கம் தள்ளி நிக்குது. அந்த அரை எம்எம் 10 மீட்டர் போய்ச் சேர்றப்ப சுமார் 14 எம்எம் ஆயிடும். அதே சமயம் சைட் ரெண்டும் ஒழுங்கா இருந்து, உங்க கை மொத்தமா அரை எம்எம் வலதுல நகந்துச்சுன்னா, டார்கெட்லயும் அதே அரை எம்எம்தான் நகரும். முதல் தப்பு கோணத்துல வர்றது, தூரம் போகப் போக பெருசாகும். ரெண்டாவது அப்படியே நேரா போறது, பெருசாகாது.

இப்ப டார்கெட்டை எடுத்துக்கங்க. பத்தாம் வட்டத்தோட குறுக்களவு 11.5 எம்எம், பெல்லட், அதாவது ஏர் பிஸ்டல் குண்டு, 4.5 எம்எம், கோட்டைத் தொட்டாலே அந்த மார்க் கிடைக்கும். அதனால பெல்லட்டோட நடுப்பகுதி மையத்துல இருந்து 8 எம்எம்முக்குள்ள இருந்தா பத்து. 14 எம்எம் தள்ளிப் போனா ஒம்போது. அரை எம்எம் தப்புல ஒரு மார்க் போச்சு. அந்த அரை எம்எம்மை கண்டுபிடிக்கோணும்னா கண்ணு கட்டை மேல இருக்கோணும், டார்கெட் மங்கலா சாம்பல் உருண்டையாட்டம் தெரிஞ்சா போச்சாதுங்க, அது மங்கலாத்தான் தெரியோணும்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்ல மனு பாக்கர் 10 மீட்டர் ஏர் பிஸ்டல்ல வெண்கலம் வாங்குனாங்க, 221.7. அவங்களுக்கு மேல இருந்த கொரியா பொண்ணுக்கும் அவங்களுக்கும் அந்த நேரத்துல வித்தியாசம் 0.1தான். ஒரு மார்க்கைப் பத்தாப் பிரிச்சுப் போடற டெசிமல் மார்க்ல ஒரு 0.1ங்கறது டார்கெட்ல சுமார் 0.8 எம்எம். அதை திருப்பி சைட்டுக்கு கொண்டு வந்து கணக்கு போட்டா 0.03 எம்எம்கூட வரல, அதாவது 30 மைக்ரான், தலைமுடியில பாதி கனம்கூட இல்ல. லேத்துல நாங்க அந்த அளவுக்கு மைக்ரோமீட்டர் வெச்சு பாப்போம், மனு ஃபைனல்ல 22 ஷாட்டுக்கு கண்ணுல பாத்திருக்குது. இதை நெனைக்கறப்ப எனக்கு இன்னமும் சிலுத்துக்குதுங்க.

கை ஆடிட்டே இருக்குதே, நிக்கவே மாட்டேங்குதே?

எல்லாருக்கும் ஆடும். மெடல் வாங்குனவங்களுக்கும் ஆடும், கம்மியா ஆடும் அவ்வளவுதான். மேல சொன்ன கணக்கை வெச்சு பாருங்க, சைட் ரெண்டும் ஒண்ணா பூட்டுன மாதிரி இருந்து கை மொத்தமா சித்தே ஆடுனா பெரிய சேதாரம் இல்ல. அந்த ஆட்டத்தை நிறுத்தோணும்னு மணிக்கட்டை இறுக்குனீங்கன்னா அப்பத்தான் கட்டை வெட்டுக்குள்ள துள்ளும். ஆடட்டும்னு விட்டுட்டு சைட்டை மட்டும் பாத்துக்கங்க. தோள்பட்டைக்கு பலம் வர வர ஆட்டம் தானா கொறையும், அதுக்கு மாசக்கணக்காகும்.

கருப்பு வட்டத்துக்கு நடுவுலயே வெக்கலாமா, கீழ வெக்கோணுமா?

நடுவுல வெச்சா கருப்பு கட்டை கருப்பு வட்டத்துக்குள்ள மறஞ்சு போயிடும், தலை எங்க முடியுதுன்னே தெரியாது. அதனால ஏர் பிஸ்டல்ல பெரும்பாலும் வட்டத்துக்கு கீழ வெள்ளைப் பகுதியில நிறுத்துவாங்க, ஆனா அடிபடறது நடுவுல விழற மாதிரி ரியர் சைட்டை ஏத்தி வெச்சிருப்பாங்க.

இதுலயும் ரெண்டு வகை இருக்குதுங்க. ஒண்ணு வட்டத்தோட அடியை கட்டை தொடற மாதிரி வெக்கறது, மணியில ஆறு காட்டற எடத்துல. இது கேக்க சுத்தமா இருக்கும், ஆனா தொடுதா தொடலையான்னு பாக்கறதுக்கு கண்ணு டார்கெட்டுக்கு ஓடிரும். இன்னொண்ணு இன்னும் கீழ இறக்கி, வட்டத்துக்கும் கட்டைக்கும் நடுவுல ஒரு வெள்ளைப் பட்டை விட்டு வெக்கறது. நான் இதைத்தான் சொல்லிக் குடுப்பேன். பட்டை எவ்வளவுன்னு அளக்க வேண்டாம், அந்தப் பக்கத்துல எங்கயாச்சும் மெதந்துட்டு இருந்தா போதும். கருப்பு வட்டத்தோட குறுக்களவு 59.5 எம்எம், கண்ணுல இருந்து ஒரு மீட்டர் தூரத்துல இருக்கற கட்டைக்குப் பக்கத்துல அது சுமார் 6 எம்எம் அகலமாத் தெரியும். கட்டையோட அகலத்தையும் அதுக்குத் தக்கனதான் எடுப்பாங்க. புதுசா வர்றவங்களுக்கு ரெண்டு பக்க வெளிச்சம் கொஞ்சம் எச்சா இருக்கற மாதிரி வெட்டு அகலமா வெச்சுக் குடுத்தா கண்ணுக்கு சிரமம் இல்லாம இருக்கும்.

ஒரு கண்ணை மூடிக்கலாமுங்களா?

மூடாதீங்க. ஒரு கண்ணை இறுக்கி மூடுனா மூஞ்சித்தசை இழுக்கும், பாக்கற கண்ணும் சேந்து சுருங்கும், ஒரு மேட்சுக்கு 60 ஷாட்டு, எலக்ட்ரானிக் டார்கெட்ல 75 நிமிஷம், அவ்வளவு நேரம் தாங்காது. ரெண்டு கண்ணையும் தொறந்து வெச்சு, பாக்காத கண்ணுக்கு முன்னாடி ஒரு மறைப்பு மாட்டிக்கலாம், அகலம் 30 எம்எம்முக்கு மேல போகக்கூடாதுன்னு ரூல் இருக்குது. மறைப்பு கருப்பா இருக்க வேண்டாம், பால்வெள்ளை பிளாஸ்டிக் நல்லது, ரெண்டு கண்ணுக்கும் வெளிச்சம் ஒரே அளவா போகும். பழைய டப்பா மூடியை வெட்டிக்கூட பண்ணிக்கலாம்.

பாரிஸ்ல துருக்கிக்காரர் யூசுப் டிகெச் சாதா கண்ணாடி போட்டுட்டு பாக்கெட்ல கைய விட்டுட்டு வெள்ளி வாங்குன போட்டோ எல்லார் போன்லயும் வந்துச்சு, அதைப் பாத்துட்டு ஒரு பையன் மறைப்பே தேவையில்லைன்னு கழட்டிப் போட்டுட்டான். அவரு ரெண்டு கண்ணும் தொறந்து சுடறவரு, அப்படி பல வருஷம் பழகுனவரு, கலப்பு டீம் போட்டியில வாங்குன வெள்ளி அது. அதே போட்டியில வெண்கலம் நம்ம மனு பாக்கரும் சரப்ஜோத் சிங்கும். பாக்கெட்ல கை விடறது ஸ்டைலுக்கு இல்லீங்க, சும்மா இருக்கற கை ஆடாம ஒரு எடத்துல கெடக்கோணும்ங்கறதுக்கு எல்லாருமே அப்படித்தான் பண்ணுவாங்க, பெல்ட்ல மாட்டிக்குவாங்க இல்லைன்னா பாக்கெட்ல விட்டுக்குவாங்க.

எனக்கு எந்தக் கண்ணு ஓங்குன கண்ணு, அதாவது குறி பாக்கறப்ப முந்தி நிக்கற கண்ணுன்னு எப்படி தெரிஞ்சுக்கறது?

ரெண்டு கையையும் நீட்டி, உள்ளங்கை ரெண்டையும் சேத்து நடுவுல ஒரு சின்ன ஓட்டை விடுங்க. அது வழியா தூரத்துல ஒரு தென்னமரத்தைப் பாருங்க, ரெண்டு கண்ணும் தொறந்தே இருக்கட்டும். அப்பறம் ஒவ்வொரு கண்ணா மூடுங்க. எந்தக் கண்ணை மூடுனா மரம் காணாம போகுதோ அதுதான் உங்க ஓங்குன கண்ணு. கை வலது, கண்ணு எடதுன்னு இருந்தாலும் பயப்பட வேண்டாம், பிஸ்டல்ல தலையை சித்தே திருப்புனா சரியாயிடும், ரைபிள்லதான் அது தொந்தரவு.

மூணு புள்ளி வெச்ச சைட், பச்சை சிவப்புல மின்னற ஃபைபர் சைட், இதெல்லாம் நல்லதுங்களா?

வேகமா சுடற போட்டிக்கு நல்லது. கண்ணுல சட்டுன்னு படும், மங்கல் வெளிச்சத்துலயும் தெரியும். ஆனா மெதுவா துல்லியமா சுடறதுக்கு எனக்குப் பிடிக்காதுங்க, காரணம் சொல்றேன். மின்னற புள்ளி இருந்தா கண்ணு புள்ளியோட நடுவைத்தான் பிடிக்கும், கட்டையோட தலை விளிம்பை விட்டுரும். வெயில் மேல இருந்து அடிச்சா ஃபைபர் எச்சா மின்னி கட்டையே உருண்டையாட்டம் தெரியும், அப்ப மேல கீழ அளவு ஓடிரும். கருப்பு கட்டை, கருப்பு தகடு, கூரான விளிம்பு, இதுக்கு மேல துல்லியம் எந்தப் புள்ளியிலயும் வராது.

ரெட் டாட் மாட்டிட்டா இந்தக் கஷ்டமே இல்லையாமே?

ஒரு கஷ்டம் போகும், அது உண்மை. கண்ணாடியில ஒரு சிவப்பு புள்ளி தெரியும், அந்தப் புள்ளி டார்கெட் தூரத்துலயே இருக்கற மாதிரி கண்ணுக்குப் படும், அதனால டார்கெட்டையே பாத்துக்கலாம், வெட்டு கட்டைன்னு ரெண்டை சேக்கற வேலை இல்ல. ஆனா ஒலிம்பிக் வகை ஏர் பிஸ்டல், 25 மீட்டர் பிஸ்டல் எதுலயும் இதுக்கு அனுமதி இல்ல, திறந்த சைட் மட்டும்தான். ஐபிஎஸ்சி மாதிரி வேக போட்டியில சில பிரிவுல அனுமதி உண்டு.

வாங்கறவங்க மூணு விஷயம் கவனிக்கோணும். புள்ளியோட சைஸ் எம்ஓஏங்கற கோணக் கணக்குல போட்டிருப்பாங்க, 1 எம்ஓஏன்னா 10 மீட்டர்ல கிட்டத்தட்ட 3 எம்எம், அப்ப 3 எம்ஓஏ புள்ளி 9 எம்எம் மறைக்கும், பத்தாம் வட்டத்துல முக்காவாசி போச்சு. அடுத்தது, பிரைட்னஸை எச்சா வெச்சா புள்ளி பூத்துப் போகும், கொறச்சே வெக்கோணும். கண்ணுல அஸ்டிக்மாட்டிசம், அதாவது கண்ணோட வளைவு ஒரே சீரா இல்லாத கோளாறு, இருக்கறவங்களுக்கு எவ்வளவு கொறச்சாலும் புள்ளி நட்சத்திரமாட்டம், வாலு வெச்ச மாதிரி தெரியும், அது சைட்டோட கோளாறு இல்ல. அப்பறம், புள்ளி கண்ணாடியோட ஓரத்துல இருந்தா கிட்டத்து தூரத்துல கொஞ்சம் தப்பு வரும், முடிஞ்ச வரைக்கும் நடுவுல வெச்சுக்கங்க.

சொல்லிக் குடுக்கறதுக்கு நான் ரெட் டாட்டை சிலசமயம் மாட்டுவேன், ஏன்னா ட்ரிகரை இழுக்கறப்ப புள்ளி துள்ளறது புள்ளைங்களுக்கே கண்கூடா தெரியும், நான் ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல.

லேசர்?

வெளையாட்டுக்கு ஆகாது. கண்ணு டார்கெட்ல ஓடற புள்ளியைத் தொரத்தும், கை அதுக்குப் பின்னால ஓடும்.

ரைபிள்ல இருக்கற மாதிரி ஓட்டை வழியா பாக்கற சைட் பிஸ்டலுக்கு ஏன் இல்ல?

அந்த ஓட்டை கண்ணுக்கு கிட்டத்துல இருக்கோணும், அப்பத்தான் வேலை செய்யும். ரைபிள்ல கன்னம் துப்பாக்கியோட பின்பாகத்துல பதியுது, அதனால முடியும். பிஸ்டல் நீட்டுன கையில இருக்குது. உலக ஷூட்டிங் சங்கமான ஐஎஸ்எஸ்எஃப்போட ரூலும் விடாது.

குண்டு ஒரு பக்கமாவே விழுது, ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருப்பறது?

ரியர் சைட் எந்தப் பக்கம் நகருதோ குண்டும் அந்தப் பக்கம் நகரும். எடது பக்கம் விழுதா, ரியர் சைட்டை வலதுக்கு நகத்துங்க. கீழ விழுதா, ஏத்துங்க. ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருப்புனா எது நகரும்ங்கறது கம்பெனிக்கு கம்பெனி மாறும், மேனுவலைப் பாத்துக்கங்க.

ஆனா எப்ப திருப்பறதுங்கறதுதான் பெரிய கேள்வி. ஒரு ஷாட் பாத்துட்டு திருப்பாதீங்க, ரெண்டு பாத்துட்டும் திருப்பாதீங்க. பத்து ஷாட்டாச்சும் சுட்டு எல்லாம் ஒரு எடத்துல கூட்டமா விழுதான்னு பாருங்க. கூட்டம் சேந்து ஒரு பக்கம் இருந்தா சைட்டைத் திருப்பலாம், செதறிக் கெடந்தா திருப்பறதுக்கு அங்க ஒண்ணுமே இல்ல, அது உங்ககிட்ட இருக்கற விஷயம். நான் ஆரம்பத்துல மூணு மாசம் ஒவ்வொரு ஒம்போதுக்கும் ஒரு கிளிக்குன்னு திருப்பிட்டே இருந்தேன், தறி ஓட்டறப்ப நூலு அறுந்ததுக்கெல்லாம் மிஷினையே மாத்துன கணக்கா. எனக்கு சொல்லிக் குடுத்த அண்ணன் ஒரு நாள் ஸ்க்ரூ மேல டேப் ஒட்டிட்டாரு. ஒரு மாசம் தொடாதேன்னாரு. அந்த மாசம்தான் கூட்டம் சேர ஆரம்பிச்சுது.

சைட் எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு, ஆனா கீழ எடதுபக்கம் போயிருச்சே?

வலது கைக்காரங்களுக்கு கீழ எடதுல விழுந்தா பெரும்பாலும் ட்ரிகர்தான். சைட் அழகா நிக்கறப்ப "இப்ப, இப்ப"ன்னு மனசு பறக்கும், விரல் வெடுக்குன்னு இழுக்கும், கூடவே மத்த விரல்களும் இறுகும். ஏர் பிஸ்டல் ட்ரிகர் 500 கிராமுக்கு கொறயக்கூடாதுன்னு ரூல், மேட்சுக்கு முன்னாடி எடை தொங்க விட்டு செக் பண்ணுவாங்க. அரை கிலோங்கறது ஒண்ணும் பெரிய பாரம் இல்லீங்க, நேரா பின்னாடி, மெதுவா, நிறுத்தாம அழுத்திட்டே போனா தானா விடும். ஷாட் போனதுக்கு அப்பறமும் ஒரு ரெண்டு செகண்ட் கட்டையைப் பாத்துட்டே நில்லுங்க. அந்தக் கடைசி நொடியில கட்டை எங்க இருந்துச்சுன்னு, டார்கெட்டைப் பாக்காமயே சொல்ல வந்துச்சுன்னா நீங்க சைட் பாக்க கத்துக்கிட்டீங்கன்னு அர்த்தம்.

எவ்வளவு நேரம் குறி பாக்கலாம்?

சைட் நின்னதுல இருந்து அஞ்சு செகண்ட்ல இருந்து எட்டு செகண்ட். அதுக்கு மேல போனா மூச்சு முட்டும், கண்ணு உறைஞ்சு போயி போன நொடியில பாத்ததையே காட்டிட்டு இருக்கும். பத்து செகண்ட் ஆச்சா, இறக்கிருங்க. எறக்கறது தோத்துப் போறது கெடையாது, நல்ல ஷூட்டர் ஒரு மேட்ச்ல எத்தனையோ தடவை எறக்குவாங்க.

எனக்கு 45 ஆச்சு, கட்டை மங்கலா தெரியுதுங்க.

எனக்கும் அப்படித்தாங்க ஆச்சு. படிக்கற கண்ணாடி ரொம்ப கிட்டத்துக்கு, தூரத்து கண்ணாடி ரொம்ப தூரத்துக்கு, கட்டை ரெண்டுக்கும் நடுவுல நிக்குது. வீட்ல ஒருத்தரை டேப் பிடிக்கச் சொல்லி, கை நீட்டி நிக்கறப்ப கண்ணுல இருந்து கட்டை வரைக்கும் எவ்வளவுன்னு அளந்து, அந்த அளவை கண் டாக்டர்கிட்ட குடுங்க. பெரும்பாலும் தூரத்துப் பவரோட அரை பாயிண்ட் பக்கம் கூட்டித் தருவாங்க. பைஃபோக்கல், ப்ரோக்ரஸிவ் வேண்டாம், தலை சித்தே அசைஞ்சாலும் பவர் மாறிரும்.

வீட்டுல பழக முடியுமா?

முடியும், அதுதான் பாதி பயிற்சி. பிஸ்டல்ல பெல்லட் இல்லைன்னு ரெண்டு தடவை பாருங்க, பெல்லட் டப்பாவை அடுத்த ரூம்ல வெச்சிருங்க, ஆளு நடமாடற பக்கம் குழலைக் காட்டாதீங்க. வெறும் வெள்ளைச் செவுத்தைப் பாத்து நின்னு, டார்கெட்டே இல்லாம கட்டையையும் வெட்டையும் மட்டும் பாத்து ட்ரிகரை அழுத்துங்க. டார்கெட் இல்லாததால கண்ணு ஓடறதுக்கு எடமே இல்ல. வெள்ளனே எந்திரிச்சு ஒரு இருபது நிமிஷம் போதும். இப்படி பெல்லட் இல்லாம ட்ரிகர் அழுத்தறதுக்கான ட்ரை ஃபயர் வசதி உங்க மாடல்ல இருக்குதான்னு மட்டும் பாத்துக்கங்க, ஸ்டேயர், மொரினி, வால்தர், பார்டினி மாதிரி மேட்ச் பிஸ்டல்ல இருக்கும், சாதா ஸ்பிரிங் பிஸ்டல்ல சும்மா அடிச்சா சீல் போயிரும்.

லைசென்ஸ் வேணுமா? தோட்டத்துல மயில் வருது, அதுக்கும் ஆகுமான்னு அப்புச்சி கேக்கச் சொன்னாரு.

4.5 எம்எம் துளையில 20 ஜூலுக்கு கொறச்சலான ஏர் பிஸ்டலுக்கு 2016 ஆயுத விதிப்படி லைசென்ஸ் வேண்டியதில்ல, அடையாளச் சான்று முகவரிச் சான்று குடுத்து வாங்கி பில்லை பத்திரமா வெச்சுக்கங்க. பாய்ண்ட் 22 வேணும்னா லைசென்ஸ் கட்டாயம்.

மயிலுக்கு ஆகாதுங்க. சோளக்காட்டுலயும் தக்காளியிலயும் மயில் எறங்கி பண்ற சேதாரம் எனக்கும் தெரியும், எங்க மாமனார் தோட்டம் காங்கயம் பக்கம்தான், வயிறு எரியும். ஆனா மயில் 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டத்துல முதல் அட்டவணையில இருக்குது, அடிச்சா ஜெயிலு. அது மட்டும் இல்ல, கொக்கு குருவின்னு எந்த உசுரு மேலயும் இதைக் காட்டற புள்ளைக்கு நான் சொல்லிக் குடுக்கறதில்ல. அப்புச்சிகிட்ட அப்படியே சொல்லீருங்க.

சைட் பளபளன்னு மின்னுது, என்ன பண்றது?

தகர ஷெட் ரேஞ்சுகள்ல மத்தியானம் ஆனா ஒரு பக்கமா வெளிச்சம் வந்து கட்டையோட விளிம்புல வெள்ளைக்கோடு விழும், கண்ணு அந்தக் கோட்டை விட்டுட்டு மிச்சத்தை கட்டைன்னு எடுத்துக்கும், குண்டு கூட்டத்தோட ஒரு பக்கமா நகரும். அதுக்கு பழைய ஆளுங்க பண்ற வேலை சூடம். சைட்டைத் தனியா கழட்டி, காத்து சிலிண்டர் இருக்கற எடத்துல இருந்து நல்லா தள்ளிப் போயி, சாமி கும்பிடற சூடத்தைப் பத்தவெச்சு அந்தப் புகையில காட்டுனா மேல கரி மெல்லிசா படியும், துளிகூட மின்னாது. தீயில படக்கூடாது, புகையில மட்டும் காட்டோணும், பிளாஸ்டிக் ஃபைபர் சைட்டுக்கு இதைப் பண்ணவே கூடாது. மாட்டறப்ப விரல் பட்டா கரி போயிரும், ஓரத்தைப் பிடிச்சு மாட்டுங்க. முடிஞ்சதும் துணியில தொடச்சு ஒரு சொட்டு எண்ணெய் விட்டுருங்க, கரி ஈரத்தை இழுத்து துரு பிடிக்க வெச்சிரும்.